14 மணி நேரம் அசையாத ப்ராசஸ்

கோவையில் நான் வேலை பார்த்த சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு நூற்பாலைகள்தான் வாடிக்கையாளர்கள். பஞ்சு வரவு, நூல் இருப்பு, லாரி ஏற்றும் பில் என்று எல்லாமே ஒரே போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் இருந்தன. அன்று ராத்திரி பத்தேகாலுக்கு ஒரு சின்ன ரிலீஸ். இருப்பு டேபிளில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். 2018-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, நிலையான டிஃபால்ட் மதிப்போடு ஃபீல்டு சேர்த்தாலும் போஸ்ட்கிரெஸ் டேபிளை முழுக்கத் திருப்பி எழுதுவதில்லை. கோடிக்கணக்கில் வரிசைகள் இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை.

முடியவில்லை. டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை அனுப்பிவிட்டு நானும் பக்கத்து நாற்காலித் தம்பியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் வந்துவிட்டது. மில்லில் ராத்திரி ஷிப்டு, மூன்று லாரி லோடு ஏற்றி நிற்கிறது, பில் வரவில்லை.

தம்பி இன்னொரு ஜன்னலில் டேட்டாபேஸுக்குள் நுழையப் பார்த்தான். கனெக்ஷன் நிரம்பிவிட்டது என்று கதவடைத்துவிட்டது. போஸ்ட்கிரெஸில் இயல்பாக 100 கனெக்ஷன்கள்தான். அதில் 3, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த 3 நாற்காலிகள் இருப்பது இந்த மாதிரி ராத்திரிக்காகத்தான். சில இடங்களில் சோம்பேறித்தனமாக அப்ளிகேஷனையே சூப்பர்யூசர் கணக்கில் ஓட்டுவார்கள். அங்கே அந்த மூன்றையும் அப்ளிகேஷனே விழுங்கிவிடும், வைத்தியர் வாசலில் நிற்க வேண்டியதுதான். நல்லவேளை, நாங்கள் அந்தத் தப்பை மட்டும் செய்யவில்லை.

உள்ளே போய்ப் பார்த்த முதல் இடம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி. இது கோப்பு இல்லை, டேபிளும் இல்லை. இந்த நொடியில் எந்த ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த ப்ரோகிராம், என்ன செய்கிறது என்று காட்டும் ஒரு வியூ. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனியாக ஒரு ப்ராசஸ் பிறக்கிறது. ஆகவே இங்கே காணும் ஒவ்வொரு வரிக்கும் லினக்ஸில் ஒரு ப்ராசஸ் எண் உண்டு. இந்த வசதி பின்னால் நிறைய உதவும்.

கிட்டத்தட்ட எல்லா வரியும் பூட்டுக்காக, அதாவது டேபிளைத் தொடுவதற்கான அனுமதிக்காக, காத்திருந்தது. நாங்கள் அனுப்பிய ஆல்டர் டேபிளும் அதில் ஒன்று. யாருக்காக யார் நிற்கிறார் என்று கேட்க பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, 2016-ல் 9.6-ஆம் பதிப்போடு வந்தது. அதற்கு முன்னால் பூட்டு டேபிளைத் தன்னோடு தானே ஜாயின் செய்து, ஒரு முழம் நீளத்துக்கு கொயரி எழுத வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரிடமும் அந்த கொயரி ஒரு நோட்பேடில் இருக்கும், அவசரத்துக்கு மட்டும் கிடைக்காது. இப்போது ஒரே வரி. பில் கேட்ட ப்ராசஸ்கள் எல்லாம் எங்கள் ஆல்டருக்குப் பின்னால் நின்றன. ஆல்டரோ ஒரே ஒரு ப்ராசஸுக்குப் பின்னால் நின்றது. அந்த ஒன்று, டேபிளை வெளியே எடுக்கும் காப்பி கட்டளை. தொடங்கிய நேரம் காலை 8.10.

‘இது தினசரி எக்ஸ்போர்ட் ஜாப் அண்ணா. எங்கயோ மாட்டிக்கிச்சு. கில் -9 போட்டுரலாமா?’ என்றான் தம்பி. கை ஏற்கெனவே கீபோர்டில் இருந்தது. கில் -9 என்பது, எதையும் முடித்துக்கொள்ள அவகாசம் தராமல் ப்ராசஸை அங்கேயே கொல்லும் லினக்ஸ் கட்டளை.

அவன் கையைப் பிடித்து நிறுத்தியதற்குக் காரணம், அவன் வயதில் நான் அதைச் செய்திருக்கிறேன். வேறொரு வேலையில், வேறொரு ஊரில், மாட்டிக்கொண்ட ஒரே ஒரு ப்ராசஸைத்தானே கொல்கிறோம் என்று கில் -9 அடித்தேன். அடுத்த நொடி டேட்டாபேஸ் முழுவதும் விழுந்தது. போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ்கள் எல்லாம் ஒரே பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு ப்ராசஸ் சொல்லாமல் கொள்ளாமல் செத்தால், அந்த நினைவகத்தை அது அரைகுறையாக விட்டுப் போயிருக்கலாம் என்று தாய் ப்ராசஸ் சந்தேகப்படும். சந்தேகப்பட்டால் மற்ற எல்லா கனெக்ஷனையும் துண்டித்துவிட்டு, விழுந்த இடத்திலிருந்து டேட்டாவைச் சீராக்கி எழும் கிராஷ் ரெகவரியில் இறங்கிவிடும். அதன் தரப்பில் அது சரியான முடிவுதான். அன்று அந்த ரெகவரி முடிய 11 நிமிடம் ஆனது. மேனேஜர் என் பின்னால் நின்றுகொண்டு ஒன்றுமே பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சரி, கில் -9 வேண்டாம். ஆனால் லாரி நிற்கிறதே?

இங்கே புதிதாக வருபவர்கள் எல்லோரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து ஓடும் அந்தக் காப்பி கட்டளை யாரையும் தடுக்கவில்லை. பகல் முழுக்க அதுவும் இருந்தது, பில்லும் போனது. தடுத்தது எங்கள் ஆல்டர். கல்யாணப் பந்தியில் ஒருவர் ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து இலைகளில் ஆள் உட்காரலாம், எழுந்து போகலாம், அவரால் யாருக்கும் தொல்லை இல்லை. அப்போது ஒருவர் வந்து, கூடத்தையே காலி செய்து கழுவ வேண்டும் என்று வாசலில் நிற்கிறார். உள்ளே ஒருவர் சாப்பிடும்வரை அவர் கழுவ முடியாது. ஆனால் அவர் வாசலில் நிற்பதால், பின்னால் வரும் யாரும் உள்ளே போகவும் முடியாது. டேபிளைப் படிப்பவர்கள் எடுக்கும் பூட்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஆல்டர் கேட்கும் பூட்டு எதோடும் ஒத்துப்போகாது. அது வரிசையில் நின்றாலே போதும், பின்னால் எல்லாம் நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல்லிலும் இதே கூத்துதான், அங்கே மெட்டாடேட்டா பூட்டு என்பார்கள்.

ஆகவே முதலில் விலக வேண்டியவர்கள் நாங்கள். எங்கள் ஆல்டரைக் கேன்சல் செய்தேன். மூன்று நொடியில் காத்திருந்த எல்லாமே போய்ச் சேர்ந்தன. மில்லுக்குப் போன் போட்டால், பில் அடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

இனி அவசரம் இல்லை. தம்பி டீ வாங்கி வந்தான். அசையாத ப்ராசஸை நிதானமாகப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், அதனால் விட மனசில்லை.

ஓடும் கொயரியை மட்டும் நிறுத்தச் சொல்லும் பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் கொடுத்துப் பார்த்தோம். ‘ட்ரூ’ என்று பதில் வந்தது. ப்ராசஸ் அப்படியே இருந்தது. திரும்பக் கொடுத்தோம், திரும்பவும் ‘ட்ரூ’. இந்த ‘ட்ரூ’வை நம்பி ஏமாந்தவர்கள் பலர். சிக்னலை அனுப்பிவிட்டேன் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். வாங்கியவர் கேட்டுக்கொண்டாரா என்பது அதற்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் சிக்னல் வந்தால் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். பாதுகாப்பான ஓர் இடத்துக்கு வந்தபிறகுதான் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்கும். அந்த இடத்துக்கு வரவே இல்லை என்றால்?

அப்படியானால் அது எங்கே நிற்கிறது? இந்தக் கேள்விக்கு பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியிலேயே பாதி விடை இருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் வெயிட்_ஈவென்ட் என்ற ஃபீல்டு. அதுவும் 9.6-ல் வந்ததுதான். அங்கே ‘கிளையன்ட்ரைட்’ என்று இருந்தது. கிளையன்ட்டுக்கு எழுதக் காத்திருக்கிறதாம். ஸ்டேட் என்ற ஃபீல்டிலோ ‘ஆக்டிவ்’. இதைப் பார்த்து, ஏதோ கனமான கணக்குப் போடுகிறது என்று நினைத்தால் போச்சு. ஆக்டிவ் என்றால் கொயரி இன்னும் முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ப்ராசஸ் வேலை செய்கிறதா, தூங்குகிறதா என்று லினக்ஸைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டோம். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை ‘எஸ்’ (S) என்றது. தூக்கம், சிபியு பூஜ்யம். இந்த ஒற்றை எழுத்தை முதலில் பார்க்கப் பழகியதுதான் இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் உதவிய பழக்கம். ‘ஆர்’ (R) என்று இருந்து சிபியு நூறில் நின்றால், அது மாட்டிக்கொள்ளவில்லை, ஓடுகிறது. மோசமான கொயரி பிளானாக இருக்கலாம், பெர்ஃப் என்ற கருவியை வைத்து எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று பார்க்கலாம். ‘எஸ்’ என்றால் யாருக்காகவோ காத்திருக்கிறது. ‘டி’ (D) என்றால் லினக்ஸின் உள்மையமான கெர்னலுக்குள் போய், பெரும்பாலும் டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க் டிஸ்க்குக்காகவோ, எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடக்கிறது.

‘டி’யைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன். ஒருமுறை எங்கள் சர்வரில் வேலைப் பளுவைக் காட்டும் லோடு ஆவரேஜ் 30-ஐத் தாண்டியது, சிபியுவோ சும்மா இருந்தது. லினக்ஸ் லோடு கணக்கில் ‘டி’ ப்ராசஸ்களையும் சேர்த்து எண்ணும், அதனால்தான் இந்த விசித்திரம். டேட்டாபேஸின் வால் (WAL) கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதி வைக்கும் பதிவுகளை, என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் டிஸ்க்குக்கு நகலெடுக்கும் சிபி கட்டளை, அந்த என்எஃப்எஸ் சர்வர் செத்துப்போனதால், உள்ளே உறைந்துவிட்டது. அந்த டிஸ்க்கைத் தொட்ட கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்து குவிந்திருந்தன. கில் -9 அடித்தாலும் நகரவில்லை. நகல் போகாதவரை போஸ்ட்கிரெஸ் வால் கோப்புகளை அழிக்காது, அவை குவிந்துகொண்டே போகும், டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸே படுத்துவிடும். என்எஃப்எஸ் சர்வரை எழுப்பியதும் எல்லாம் தானாக நகர்ந்தன. கொல்ல வேண்டிய ப்ராசஸ் என்று அன்று எதுவுமே இல்லை.

திரும்ப வருவோம். ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸை அந்த ப்ராசஸில் ஒட்டிப் பார்த்தோம். ஈபோல்_வெயிட், அதாவது கனெக்ஷன் தயாராகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி வந்து, பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டது. ஐந்து நிமிடம் டீ குடித்தோம், அடுத்த வரி வரவில்லை. ஓடும் ப்ராசஸில் எஸ்ட்ரேஸ் போட்டால் அது வேகம் குறையும், யோசித்துச் செய்ய வேண்டும். அசையாததில் அந்தக் கவலை இல்லை. ஜிடிபி என்ற டீபக்கரை வைத்து ஸ்டேக்கும், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கையும், எடுத்தோம். உச்சியில் அதே காத்திருப்பு, அதற்குக் கீழே சாக்கெட்டுக்கு, அதாவது நெட்வொர்க் கனெக்ஷனின் முனைக்கு, எழுதும் ஃபங்ஷன், அதற்கும் கீழே காப்பி. வெயிட்_ஈவென்ட் சொன்னதையே வேறு வாயால் கேட்டது போல.

அடுத்து, நெட்வொர்க் கனெக்ஷன்களின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை. இங்கேதான் கதை சுவாரசியமானது. அந்தக் கனெக்ஷனின் அனுப்பும் வரிசையில் சில லட்சம் பைட்டுகள் தேங்கி நின்றன, ஒரு பைட்டுகூடக் குறையவில்லை. கூடவே டைமர் என்ற இடத்தில் ‘பெர்சிஸ்ட்’ என்று இருந்தது.

நான் தம்பியிடம் கேட்டேன், எதிர்முனை மிஷின் செத்துப்போயிருந்தால் என்ன ஆகும்? அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதில் வராது. லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், இயல்பான அமைப்பில் 15 முறை, மொத்தம் சுமார் 15 நிமிடம். பிறகு கனெக்ஷனை வெட்டிவிடும். இங்கே 14 மணி நேரம் ஆகிவிட்டது. ஆக எதிர்முனை மிஷின் உயிரோடு இருக்கிறது, பதிலும் சொல்கிறது. ‘இப்போது இடமில்லை, பொறு’ என்பதுதான் அந்தப் பதில். பெர்சிஸ்ட் டைமர் என்பது, இடம் காலியாச்சா என்று அவ்வப்போது போய்க் கேட்பது. எதிர்முனை ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை, இது காலாகாலத்துக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தபால்பெட்டி நிரம்பி வழிகிறது, வீட்டில் ஆள் இருக்கிறார், ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. அதுதான் நிலைமை.

கேன்சல் ஏன் எடுபடவில்லை என்பதும் இப்போது புரிந்தது. பாதி அனுப்பிய செய்திக்கு நடுவே, ‘கொயரி ரத்து’ என்ற இன்னொரு செய்தியைச் செருக முடியாது, கிளையன்ட் குழம்பிப்போகும். அனுப்பி முடிக்கும்வரை கேன்சல் குறிப்பு பையிலேயே கிடக்கும். கொயரிக்கு நேர வரம்பு போடும் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் வைத்திருந்தாலும் இதே கதிதான், அதுவும் அதே கேன்சல் வழியில்தான் வருகிறது. பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் மட்டும் இங்கே வேலை செய்யும். கனெக்ஷனையே முறிக்கப் போவதால், செய்தி பாதியில் நின்றாலும் பரவாயில்லை. 9.5-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு வழி செய்திருக்கிறார்கள். அடித்திருந்தால் இரண்டு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் பெட்டியைத் திறக்காத அந்த ஆள் யாரென்று தெரியாமல் அடித்தால், நாளைக்கும் இதே ராத்திரி வரும்.

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் கிளையன்ட்டின் முகவரியும் போர்ட் எண்ணும் இருக்கின்றன. முகவரி எங்கள் ரிப்போர்ட் சர்வருடையது. அங்கே போய் அதே போர்ட்டை எஸ்எஸ்ஸில் தேடினால், வாங்கும் வரிசையில் பைட்டுகள் நிரம்பியிருந்தன. டேட்டா வீட்டு வாசல்வரை வந்துவிட்டது, எடுக்கத்தான் ஆளில்லை. அந்த சாக்கெட்டை வைத்திருந்தது ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். தினசரி ஜாப் இல்லை அது. தினசரி ஜாப் விடிகாலை நான்கு மணிக்கே முடிந்திருந்தது. இரண்டும் அனுப்புவது ஒரே காப்பி வரி, நுழைவதும் ஒரே யூசர் பெயரில், அதனால்தான் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் பைத்தான் ப்ராசஸிலும் எஸ்ட்ரேஸை ஒட்டினேன். ரைட் என்ற சிஸ்டம் காலில் நின்றது. எழுதும் இடம், ஃபைல் எண் 1. எண் 1 என்றால் ஸ்டாண்டர்டு அவுட்புட். ப்ராசஸ்களின் விவரங்களை லினக்ஸ் காட்டும் ப்ராக் டைரக்டரிக்குள் பார்த்தால் அது ஒரு டெர்மினல். அதாவது இந்த ஸ்கிரிப்ட், ‘இத்தனை வரிசை முடிந்தது’ என்று திரையில் ஒரு வரி எழுதப் பார்க்கிறது, திரை வாங்க மறுக்கிறது. எழுதி முடிக்காமல் அடுத்த வரிசையைப் படிக்காது. படிக்காததால் சாக்கெட் நிரம்பியது. சாக்கெட் நிரம்பியதால் டேட்டாபேஸ் ப்ராசஸ் நின்றது. அது நின்றதால் எங்கள் ஆல்டர் நின்றது, ஆல்டர் நின்றதால் லாரி நின்றது.

ஒரு திரை ஏன் எழுத்தை வாங்க மறுக்கும்?

இதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், தம்பியின் முகம் மாறியிருந்தது. ‘அண்ணா, காலைல ஆடிட்டர் கேட்டாருன்னு நான்தான் டிமக்ஸ்ல ஒண்ணு ஓட்டினேன்… அது அப்பவே முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்’ என்றான்.

டிமக்ஸைத் திறந்தோம். ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாக்கி, நாம் விலகிப் போனாலும் உள்ளே இருப்பதை ஓட வைத்திருக்கும் கருவி அது. இடது பக்கம் அவனுடைய எடிட்டர், வலது பக்கம் அந்த ஸ்கிரிப்ட், ஏதோ ஒரு எண்ணில் நின்றிருந்தது. எடிட்டரில் திருத்தியதைச் சேமிக்கிறோம் என்று நினைத்து, வலது பக்கம் இருக்கும்போது கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருக்கிறான். டெர்மினலில் கன்ட்ரோல் எஸ் சேமிப்பதில்லை. அவுட்புட்டை நிறுத்துகிறது. காகிதத்தில் அச்சடித்த பழைய டெலிடைப் காலத்து ஏற்பாடு, இன்னும் உயிரோடு இருக்கிறது. பிறகு யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிட, டிமக்ஸை ஓடவிட்டபடியே அதிலிருந்து விலகிப் போய்விட்டான்.

கன்ட்ரோல் க்யூ அழுத்தினேன். நான்கைந்து வரிகள் தடதடவென்று ஓடின. அப்புறம் ஸ்கிரிப்ட் ஒரு எரர் போட்டு விழுந்தது. யூசரின் வேண்டுகோளுக்கு இணங்க கட்டளை ரத்து செய்யப்பட்டது என்று இருந்தது. நாங்கள் கொடுத்த கேன்சல், இத்தனை நேரம் பையில் கிடந்தது, வழி திறந்ததும் வெளியே வந்திருக்கிறது. ‘யாருண்ணா அந்த யூசர்?’ என்று தம்பி கேட்டான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அன்றே ஆல்டரைத் திரும்பக் கொடுத்தோம், இந்த முறை பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு போடும் லாக்_டைம்அவுட் 3 நொடி வைத்து. மூன்று நொடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் தானே விலகிவிடும். சற்றுப் பொறுத்துத் திரும்ப முயலலாம். இது 2013-லேயே, 9.3-ஆம் பதிப்பில் வந்த வசதி. அதை வைக்காமல் பகலோ ராத்திரியோ டேபிளைத் தொடுவது, பந்தி நடக்கும் கூடத்து வாசலில் பக்கெட்டோடு போய் நிற்பதுதான். அன்றைய லாரிகளுக்கு உண்மையான குற்றவாளி தம்பியின் கன்ட்ரோல் எஸ் இல்லை, இதை வைக்காத நான்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். ஒவ்வொரு ஸ்கிரிப்டும் கனெக்ட் ஆகும்போது அப்ளிகேஷன்_நேம் கொடுக்க வேண்டும் என்று வைத்தோம். அன்றே அது இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே ஆள் தெரிந்திருக்கும். லாக்_வெயிட் பதிவை ஆன் செய்தோம். இப்போது யாராவது பூட்டுக்காக ஒரு நொடிக்கு மேல் நின்றால், யாருக்காக நின்றார் என்று லாக் ஃபைலில் விழும். ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாமல் திறந்திருக்கும் டிரான்சாக்ஷன் எதுவாக இருந்தாலும் அலர்ட் வரும்படி செய்தோம். வேலையே செய்யாமல் டிரான்சாக்ஷனைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் ப்ராசஸ்கள் இதைவிடப் பத்து மடங்கு அதிகம், அவற்றுக்கென்றே 9.6-லிருந்து தனி டைம்அவுட் இருக்கிறது, அதையும் வைத்தோம். தம்பியின் ப்ராசஸ் ஆக்டிவ் நிலையில் இருந்ததால், அந்த டைம்அவுட் அதைத் தொட்டிருக்காது. அலர்ட் ஒன்றுதான் காட்டியிருக்கும். பகல் முழுக்க அந்த 14 மணி நேர ஸ்னாப்ஷாட், அதாவது காப்பி தொடங்கியபோது டேட்டா இருந்த நிலை, காலாவதியான பழைய வரிசைகளை வேக்யூம் என்ற வேலை துப்புரவு செய்ய விடாமல் பிடித்து வைத்திருந்தது என்பதும் மறுநாள் டேபிள் அளவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆடிட்டர் கேட்கும் பெரிய ரிப்போர்ட்டுகளை, டேட்டாபேஸின் நகலாக ஓடும் ரெப்ளிகாவுக்கு நகர்த்தினோம்.

கடைசியாக, ரிப்போர்ட் சர்வரில் டெர்மினல் திறந்ததும் ஓடும் எல்லோருடைய பேஷ் தொடக்கக் கோப்பிலும், கன்ட்ரோல் எஸ்ஸை முடக்கும் எஸ்டிடிஒய் (stty) கட்டளை ஒன்றைச் சேர்த்தோம். தம்பி இன்னும் டெர்மினலில் கன்ட்ரோல் எஸ் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறான். இப்போது எதுவும் நிற்பதில்லை.